வேலூர்ச் சிறையும் வெல்லஸ்ஸக் காட்டில் தோன்றிய உறவினரும்

பாலாற்றை ஒட்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நீளும் நிலப்பகுதி இன்று தோல் பதனிடும் ஆலைகளாலும் காலணித் தொழிற்சாலைகளாலும் அறியப்படுகிறது. ஆனால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகள் இவ்வூர்களுக்குப் பெயர் தேடித் தருவதற்கு முன்பே, இப்பகுதி அரச குடும்பங்களின் உட்பகைக்குக் களமாகவும், தோற்ற குடும்பங்களுக்குச் சிறையாகவும் இருந்தது. அகழி சூழ்ந்த வேலூர்க் கருங்கற்கோட்டை, அரசுரிமை இரத்த உறவாலும் மண உறவாலும் கைமாறிய காலத்தில், அவ்வுறவுகளை அழிப்பதற்கும் பிறர் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதற்கும் பலமுறை பயன்பட்டது. ஒரு குடும்பத்தைக் கண்காணாத இடத்தில் அடைத்துவைக்கும் அரசு, அக்குடும்பத்தின் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளத் தானே வழிசெய்து கொடுக்கிறது என்பதை, இக்கோட்டையோடு தொடர்புடைய ஆள்மாறாட்டம் ஒன்று மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்நிகழ்ச்சிக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் நடந்த ஒரு கொலையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமாகும். 1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரோடு பொருது மாண்டபின், அவர் மகன் சப்தர் அலி நவாபானார். வேலூர்க் கோட்டையின் தலைவராக இருந்த முர்தஸா அலி அவருடைய நெருங்கிய உறவினர், சகோதரியின் கணவரும்கூட. மராத்தியருக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட பெருந்தொகையைத் திரட்ட வேண்டியிருந்த நவாப், மைத்துனரிடமிருந்து வரவேண்டிய பாக்கியைக் கேட்டு நெருக்கினார். 1742 அக்டோபரில் வேலூரில் தங்கியிருந்த சப்தர் அலிக்கு உணவில் நஞ்சு வைக்கப்பட்டது. அதிலிருந்து அவர் பிழைத்துக்கொள்ளவே, அன்றிரவே குத்திக் கொல்லப்பட்டார். தன் மனைவியையும் சிறுவயது மகனையும் பாதுகாப்புக்காகச் சென்னையில் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்திருந்த ஒருவர், தன் உயிரை மட்டும் உறவினர் வீட்டில் நம்பி விட்டிருந்தார் என்பது இக்கொலையின் கொடுமையைக் கூட்டுகிறது.

முர்தஸா அலி ஆர்க்காடு சென்று தன்னை நவாபாக அறிவித்துக்கொண்டார். ஆனால் படைவீரர்கள் சம்பளப் பாக்கிக்காகக் கிளர்ந்தெழுந்து, சென்னையிலிருந்த சிறுவன் சையது முகம்மதுவே உரிய வாரிசு என்று நின்றபோது, அவருக்குத் தப்பியோடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றின்படி, அவர் பெண்ணுடை அணிந்து, திரையிட்ட பல்லக்கில் ஏறி, பணிப்பெண்கள் புடைசூழ இரவில் ஆர்க்காட்டைவிட்டு வெளியேறி வேலூரை அடைந்தார். உயர்குடிப் பெண்கள் செல்லும் பல்லக்கின் திரையை விலக்கிப் பார்க்கக் காவலர் எவரும் துணியமாட்டார் என்ற வழக்கமே அவரைக் காப்பாற்றியது. இன்னார் என்று சோதித்தறியச் சமூகமே தடை விதித்திருக்கும் இடத்தில் ஆள்மாறாட்டம் எளிதாகிவிடுகிறது. கோட்டைச் சுவரும் கடலும் பின்னாளில் அதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்தன.

அதன்பின் நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிறுவன் சையது முகம்மது 1744இல் ஆர்க்காட்டில் ஒரு திருமண விழாவின்போது குத்திக் கொல்லப்பட்டான். அவனுக்குக் காப்பாளராக நிசாமால் அமர்த்தப்பட்டிருந்த அன்வருத்தீன் கான் நவாபானார். கொலைக்கு உடந்தை என்ற ஐயம் அவர்மீதும் விழுந்தது, முர்தஸா அலிமீதும் விழுந்தது. பழைய நவாப் குடும்பத்தின் மருமகனான சந்தா சாகிபு அவ்வுறவைக் காட்டியே உரிமை கோரி, பிரெஞ்சுப் படையின் துணையுடன் வர, 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் அன்வருத்தீன் மாண்டார். இரண்டாம் கருநாடகப் போர் என்று பாடநூல்கள் ஐரோப்பியர் இருவரின் போட்டியாகச் சொல்லும் வரலாறு, வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் மைத்துனர், மருமகன் உரிமைச் சண்டையாகவே தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 சூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றி, திப்புவின் மூத்த மகன் பத்தே ஐதரை அரசராக அறிவித்தது, சிறையிலிருக்கும் வாரிசு எவ்வளவு அபாயமானவர் என்ற பாடத்தைக் கம்பெனி ஆட்சிக்குக் கற்றுக்கொடுத்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் அக்குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. காலியான கோட்டைக்குப் பத்தாண்டுகள் கழித்து மற்றொரு அரச குடும்பம் வந்து சேர்ந்தது. அது கடல் கடந்து, கண்டியிலிருந்து வந்தது.

கண்டி அரசுரிமையின் தன்மையை விளங்கிக்கொள்ளாமல் அடுத்து நடந்ததை விளங்கிக்கொள்ள இயலாது. சிங்கள மன்னர்கள் சூரியகுலப் பெண்களையே பட்டத்தரசியாக ஏற்க வேண்டும் என்ற மரபுப்படி மதுரை நாயக்கர் வழியினரிடம் பெண்ணெடுத்து வந்தனர். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகனின்றி இறந்தபோது, அரசியின் உடன்பிறந்தவர் விசயராசசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அவருக்குப் பின்னும் அரசியின் தம்பியான கீர்த்திசிறி ராசசிங்கனே மன்னரானார். 1798இல் பட்டத்துக்கு வந்த சிறீ விக்கிரமராசசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, முந்தைய அரசியின் தங்கை மகன். ஆகவே அங்கே அரசுரிமை தந்தை மகன் என்ற ஒற்றைக் கோட்டில் நில்லாமல், மைத்துனர், மாமன், மருமகன், அக்காள் தங்கை மக்கள் என்று விரிந்த ஒரு வட்டத்தில் இயங்கியது. தலைநகரில் இவ்வுறவினர்களுக்கென்றே ஒரு தெருவும் இருந்தது. 1803இல் ஆங்கிலேயர் முந்தைய அரசியின் உடன்பிறந்தவரான முத்துசாமியை அரசராக்க முயன்று, அம்முயற்சியில் முத்துசாமியும் கண்டியில் விடப்பட்ட ஆங்கிலப் படையும் அழிந்தது இவ்வட்டத்தின் அகலத்தைக் காட்டும். வட்டம் விரிய விரிய, அதற்குள் இருப்பவர் அனைவரையும் நேரில் அறிந்தவர் தொகை குறைந்துகொண்டே போகும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

1815 பிப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச்சு 2 அன்று கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் மூன்றாம் பிரிவு, வீழ்ந்த மன்னரின் ஆண் உறவினர்களாக இருப்போரும், அத்தகைய உறவினர் என்று பாசாங்கு செய்வோரும் கண்டி நாட்டின் பகைவர் என்றும், எழுத்து மூலமான அனுமதியின்றி அந்நாட்டில் கால்வைக்கக் கூடாது என்றும், மீறினால் படைச்சட்டத்தின்படி தண்டிக்கப்படுவர் என்றும் கூறியது. போலி எவரும் இன்னும் தோன்றாத நாளிலேயே போலிகளை எதிர்பார்த்து எழுதப்பட்ட இச்சட்டவரி, அதை எழுதியோரின் அச்சத்தை அப்படியே காட்டுகிறது. 1816 சனவரியில் மன்னரும் அரசியரும் உடனிருந்தோரும் கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் கொழும்பிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேலூரில் குடியமர்த்தப்பட்டனர்; கோட்டைக்குள் அவர்கள் வாழ்ந்த மாளிகை இன்றும் கண்டி மகால் என்றே வழங்குகிறது. பிற நாயக்கர் உறவினரும் தீவிலிருந்து அகற்றப்பட்டனர். இதனால் ஆபத்து நீங்கிவிட்டதாக இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்ரிக் கருதியிருக்கலாம். ஆனால் உண்மையான உறவினரை அடையாளம் காட்டக்கூடியவர்களும் அவர்களோடு சேர்ந்தே கடல் கடந்துவிட்டனர்.

1817ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கண்டி நாட்டின் தென்கிழக்கே, ஊவாவை அடுத்த வெல்லஸ்ஸக் காட்டுப்பகுதியில் அயலார் ஒருவர் நடமாடுவதாகவும், வேடர்கள் அவரைச் சூழ்ந்து நிற்பதாகவும் பதுளையிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குச் செய்தி வந்தது. தாம் மன்னரின் உறவினரான துரைசாமி என்றும், கதிர்காமத் தெய்வத்தின் அருளால் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் வில்பாவே என்ற பெயருடைய சிங்களர்; ஒருகாலத்தில் பௌத்தத் துறவியாக இருந்து துறவு நீங்கியவர். அவரைப் பிடிக்க அனுப்பப்பட்ட அச்சி முகந்திரம் என்ற முஸ்லிம் அலுவலர் கொல்லப்பட்டார். முகந்திரம் என்பது உள்ளூர்த் தலைமைப் பதவிகளுள் ஒன்று. நேரில் சென்று பார்க்க முனைந்த பதுளை உதவி அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் செப்டம்பரில் அம்புபட்டு இறந்தார். நவம்பரில் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை, அதாவது அம்மாவட்டத்தின் ஆளுநரான கெப்பெட்டிபொல, தம்மிடமிருந்த அரசின் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு எதிரணியில் சேர்ந்தார். அதன்பின் கலகம் போராகியது.

வில்பாவே தேர்ந்துகொண்ட வேடத்தின் நுட்பம் இங்குத்தான் இருக்கிறது. அவர் தம்மை மன்னர் என்று சொல்லவில்லை. மன்னரின் முகத்தைப் பெருங்குடித் தலைவர்கள் பலர் அறிவர். மன்னரின் மகன் என்றும் சொல்லவில்லை. உரிமைக்குப் போதுமான அளவு நெருங்கியவரும், அடையாளம் காணமுடியாத அளவு விலகியவருமான ஓர் உறவினரின் பெயரையே எடுத்துக்கொண்டார். அப்பெயருக்குரியவரை அழைத்துவந்து காட்டவோ, அவரோடு வளர்ந்தவர் எவரையேனும் சாட்சிக்கு நிறுத்தவோ மலைநாட்டில் அப்போது வழியே இல்லை. எனினும் நுட்பம் மட்டும் ஒரு மனிதரைப் பேரரசுக்கு எதிராக ஓராண்டு தாங்கிப் பிடித்திருக்காது. மலைநாட்டு மக்களுக்கு அரசர் என்பவர் சமயத்தையும் நிலத்தையும் பதவிகளையும் ஒருங்கே கட்டிக்காக்கும் நடுப்புள்ளி. கடலுக்கு அப்பால் உள்ள, கண்ணால் காணாத ஓர் அரசருக்குத் திறை செலுத்துவது அவர்களுக்குப் பொருளற்றதாகத் தோன்றியது. பதவியிழந்த தலைவர்களுக்கோ திரண்டு நிற்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஏமாற்றியவர் ஒருவர், ஏமாந்தவர் ஆயிரவர் என்று இதைக் கணக்கிடுவது தவறு. அவரை நம்பியவர்களில் பலர் நம்ப விரும்பி நம்பினர்.

போலி வெளிப்பட்டதும் ஆங்கிலேயரால் அன்று என்பது குறிப்பிடத்தக்கது. 1818இல் சென்னை மாகாணத்திலிருந்தும் துருப்புகள் வரவழைக்கப்பட்டு, ஊவாவின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டு, கிளர்ச்சி தளர்ந்தபோது, கிளர்ச்சித் தலைவர்களுக்குள்ளேயே பிளவு தோன்றியது. அவர்களுள் ஒருவரான மடுகல்ல, அரசராகக் கொண்டாடப்பட்டவரையும் கெப்பெட்டிபொலவையும் பிடித்து, முன்னவர் நாயக்க இளவரசர் அல்லர், துறவு நீங்கிய ஒரு சிங்களரே என்று அம்பலப்படுத்தித் தொழுவில் மாட்டினார். தொழு என்பது காலைத் துளையிட்ட மரத்தில் பிணிக்கும் தண்டனைக் கருவி. கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் பின்னர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் தலை வெட்டப்பட்டனர். வில்பாவே தப்பிச் சென்று, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தலைமறைவாக வாழ்ந்த பிறகே பிடிபட்டார். அரசர் வேடம் களைந்தபின், எவரும் தேடி வணங்காத சாதாரண மனிதராக அவ்வளவு காலம் அவரால் மறைந்திருக்க முடிந்தது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கதும், இந்தியாவின் ஆள்மாறாட்ட வழக்குகளில் பெரும்புகழ் பெற்றதும் வங்காளத்துப் பவால் சமீன் வழக்கு. 1909இல் தார்ச்சிலிங்கில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட பவால் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண ராய் தாமே என்று 1921இல் ஒரு சன்னியாசி அறிவித்தார். 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு அவர் பக்கம் தீர்ப்பளிக்க, 1946இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. அங்கே சகோதரி அவரை ஏற்றார், மனைவி கடைசிவரை மறுத்தார். உடலின் தழும்புகளும் மச்சங்களும் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. குடும்பம் இரண்டுபட்டாலும் கண்முன்னே இருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து ஒரு முடிவுக்கு வர இயன்றது. மாறாக, வெல்லஸ்ஸக் காட்டில் தோன்றியவரைப் பார்த்து, இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லன் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே குடும்பம் ஆயுதக் காவலின் கீழ் வேலூரில் இருந்தது.

சிறீ விக்கிரமராசசிங்கன் 1832 சனவரி 30 அன்று வேலூரிலேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் முத்து மண்டபம் எனப்படுகிறது. வேலூரில் பிறந்த அவர் மகனும் 1843இல் வாரிசின்றி இறந்தார். இதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1848 சூலையில், கொங்காலேகொட பண்டா என்பவர் அரச வழியினர் என்ற உரிமையுடன் தம்புள்ளையில் முடிசூட்டிக்கொண்டார். மாத்தளைக் கிளர்ச்சி என்று வரலாறு சொல்வது அதைத்தான். அவர் பிடிபட்டு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். மன்னரின் உறவில் எஞ்சியோர் பாலாற்றங்கரையில் இலங்கை அரசின் உதவித்தொகையில் வாழ்க்கை நடத்தினர். அவர்கள் வழிவந்தோருக்கு அத்தொகை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்தது.