யார் அந்த இந்தியன்?

போன சனிக்கிழமை இங்கே உள்ளூர் செஸ் கிளப்பில் டோர்னமெண்ட். என் பையனுக்கு எதிரே உட்கார்ந்தவர் ஒரு ரிட்டயர்டு தபால்காரர். இரண்டு பேருமே ரேட்டிங்கை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத ரகம் :-)

பையன் கறுப்பு. குதிரையை வெளியே எடுத்தான், சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினான், அது விட்ட இடத்தில் பிஷப்பைப் பதுக்கினான். மூன்று மணி நேரம் போராடித் தோற்றான். பெரியவர் கை குலுக்கிவிட்டு, "கிங்ஸ் இந்தியன்! உங்கள் ஊர் ஆட்டமாச்சே" என்றார்.

காரில் ஏறியதும் கேள்வி வந்தது. "அப்பா, யார் அந்த இந்தியன்?"

அவர் பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. வங்காளத்துக் கிராமத்து மனிதர். யாரிடமும் தோற்காதவர் என்று கேள்விப்பட்டு, 1848 வாக்கில் கல்கத்தா செஸ் கிளப்காரர் ஒருவர் அவரைத் தேடிப் போனார். கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீலிடம் பானர்ஜி தோற்றார். ஆனால் விடவில்லை. ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்டு வந்து, பல வருடம் காக்ரேனோடு ஆடினார். நானூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன.

நம் பழைய விதிப்படி சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுவது கிடையாது. ராஜா ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம். அந்த நிதானம் பானர்ஜியின் கையை விட்டுப் போகவில்லை. சிப்பாயை மெதுவாக நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் வைத்து, தூரத்திலிருந்தே நடுப்பலகையைக் குறி வைத்தார். 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயருக்கு இந்த ஆட்டங்களே காரணம் என்கிறார்கள்.

1855 மே மாதம் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய ஒரு தொடக்கத்தை, 1922-ல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் ஆடிப் பிரபலமாக்கினார். இன்று அதற்குப் பெயர் குரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். வெள்ளைக்காரருக்கு முழுப் பெயர். நம்மவருக்கு வெறும் 'இந்தியன்'!

நான் வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேயரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம்). அப்பாவும் பக்கத்து வீட்டு வங்காளி மாமாவும் வாசலில் அப்படித்தான், சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி ஆடுவார்கள். பள்ளியில் 'ஒழுங்கான' செஸ் கற்றுக்கொண்ட நான், "அது தப்பு" என்று இருவரையும் திருத்தியிருக்கிறேன்.

நேற்று அப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். சிரித்தார். "நாங்க தப்பா ஆடலடா, பழசா ஆடினோம்."

பையன் தன் ஸ்கோர் நோட்டில் தோற்ற ஆட்டத்துக்கு மேலே 'பானர்ஜி' என்று எழுதி வைத்திருக்கிறான்.