ஊர்த் திடலும் ஊர்ப் பலகையும்

ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதியவர்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் கிதாபில், தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய பாடத்தைக் கடந்தே வந்திருப்பர். அங்கே 'ஹரீம்' என்றொரு சொல் வருகிறது. கிணற்றுக்கு ஹரீம் உண்டு, வீட்டுக்கு உண்டு, ஊருக்கும் உண்டு. ஒன்றை முழுமையாகப் பயன்படுத்த அதைச் சுற்றி எவ்வளவு இடம் தேவையோ அதுவே அதன் ஹரீம். ஊரின் ஹரீம் யாது? ஊரார் கூடிப் பேசும் இடம், குதிரைகளை ஓட்டும் வெளி, ஒட்டகங்கள் படுக்கும் இடம், சாம்பல் கொட்டும் மேடு என்று சட்ட மேதைகள் எண்ணிச் சொல்கின்றனர். தரிசாகக் கிடந்தது, நான் திருத்தினேன் என்று கூறி எவரும் அவற்றைத் தமதாக்கிக் கொள்ள இயலாது.

இதனை நாம் ஓதிக் கொடுக்கும்போதெல்லாம், ஒட்டகத்தைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு விளங்க வைப்பதற்காக நாம் அழைத்துச் செல்வது, விந்தையாகத் தோன்றலாம், இங்கிலாந்து நாட்டின் கிராமங்களுக்கு.

அந்நாட்டுக் கிராமங்கள் பலவற்றின் நடுவே 'வில்லேஜ் கிரீன்' எனப்படும் பசும்புல் திடல் ஒன்று இருக்கும். ஒருபுறம் ஒரு குளம், மறுபுறம் முதிய மரம், எதிரே மாதாகோவில். ஆடுமாடு மேய்ந்ததும், வில்வித்தை பழகியதும், சந்தை கூடியதும், பிற்காலத்தில் கிரிக்கெட் ஆடியதும் அங்கேதான். ஏட்டின்படி நிலத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கலாம். ஆடும் உரிமையோ ஊராருக்கு வழக்கத்தால் வந்தது.

இந்தத் திடல்கள் நமக்குக் கிடைத்த கதை எளியதன்று. 1604 முதல் 1914 வரை இங்கிலாந்துப் பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றால் தனியார் வேலிக்குள் சென்ற நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒற்றைப் பசுவையும் நான்கு வாத்துகளையும் பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழைக்கு அந்த வேலி என்ன செய்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கே கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. ரபதாவில் அரசு ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைக் காவலராக்கியபோது, சிறு மந்தை வைத்திருப்பவனை உள்ளே விடு, செல்வர்களான இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விலக்கு என்று அவர்கள் கட்டளையிட்டதைப் புகாரி ஷரீஃபில் காண்கிறோம். அவ்விருவரும் சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பெருமக்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேய்ச்சல் நிலம் யாருக்காக என்பதே அங்குக் கேள்வி.

எஞ்சிய திடல்களைக் காக்க 1857லும் 1876லும் சட்டங்கள் வந்தன. திடலில் வேலியிடுவதும் கட்டடம் எழுப்புவதும் குற்றமாயின. 1865இல் தொடங்கிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கமும் அயராது போராடியது. ஆனால் எது திடல் என்பதற்கு ஏடு வேண்டுமே! 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டைத் திறந்தது. குறித்த காலத்துக்குள் பதியுமாறு ஊர்களுக்கு ஆணையிட்டது. அக்காலம் 1970 ஜனவரித் தொடக்கத்தோடு முடிந்தது. பதியாத பழந்திடல்கள், நூற்றாண்டுகள் ஆடிய திடல்களாயினும், திடல் என்னும் தகுதியை இழந்தன. நாம் சிறுவராயிருந்தபோது பெருநாள் தொழுததும் பந்தாடியதும் ஒரே திடலில்தான். அதற்கும் எழுத்து இல்லை; இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. ஆகவே இந்தப் பகுதியைப் படித்தபோது நமக்கு அது பிற நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

எனினும் அச்சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. இருபது ஆண்டுகள் ஊரார் ஓரிடத்தில் உரிமையுள்ளவரைப் போலவே ஆடிப் பாடி உலவி வந்தால் அது புதிய திடலாகப் பதிவு பெறலாம். உரிமையுள்ளவரைப் போல என்பதற்கு ரோமானியர் காலத்து அளவுகோல் மூன்று: வன்முறை கூடாது, மறைவு கூடாது, அனுமதி கேட்டிருக்கவும் கூடாது. மூன்றாவதைக் கேட்டதும் பிள்ளைகள் வியப்பார்கள். அனுமதி கேட்பது நல்லொழுக்கமாயிற்றே! ஆம், ஆனால் கேட்டு நடந்தவன் பிறர் தயவால் நடந்தவன், உரிமையால் நடந்தவன் அல்லன்.

ஆக்ஸ்ஃபர்டு மாவட்டத்தில் சன்னிங்வெல் என்றொரு சிற்றூர். மாதாகோவிலுக்கருகே பத்து ஏக்கர் அளவில் கோவில் மானிய நிலம் ஒன்றிருந்தது. ஊரார் அங்கே நாயை உலாவ விட்டனர், பிள்ளைகள் பட்டம் விட்டனர், புதர்ப்பழம் பறித்தனர், பனிக்காலத்தில் சரிவில் சறுக்கி விளையாடினர். 1994இல் அதன் ஓரத்தில் இரண்டு வீடுகள் கட்ட மறைமாவட்ட நிதி வாரியம் அனுமதி பெற்றது. ஊராட்சி மன்றம் அதனைத் திடலாகப் பதிய மனுச் செய்தது. இது எம் ஊராருக்கே உரிய உரிமை என்ற எண்ணத்தோடு இவர்கள் நடந்ததாக நிரூபணம் இல்லை என்று மனு தள்ளப்பட்டது. வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1999இல் ஹாஃப்மன் பிரபு தீர்ப்பளித்தார். நடந்தவரின் உள்ளத்தைத் துருவ வேண்டியதில்லை, வெளியே தோன்றிய நடப்பே போதும் என்றார். நிலத்துக்குரியவர் பொறுத்துக் கொண்டதும் அனுமதி ஆகாது என்றார். ஊர் வென்றது. அமல்கள் நிய்யத்தைக் கொண்டே என்று ஓதும் நாமும், காஜி வெளிப்படையைக் கொண்டுதான் தீர்ப்பளிப்பார் என்பதையும் உடன் ஓதியவர்களே.

பின்னர் வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்துக்குரியவர் தாமே முன்வந்து அதனைத் திடலாகப் பதியவும் வழி செய்தது. ஓர் ஊராட்சி தன் நிலத்தை அவ்வாறு பதிந்துவிட்டால் நாளை வரும் உறுப்பினர்கள் அதனைக் கட்டடக்காரருக்குக் கொடுத்துவிட இயலாது. 2013இல் வந்த சட்டமோ, வீடு கட்டும் விண்ணப்பம் வெளியான பிறகு திடல் கோருவதைத் தடுத்துவிட்டது. 2014இல் விட்பி ஊர் வழக்கில் இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது. மன்றமே விளையாட்டுக்கென ஒதுக்கிய வெளியில் மக்கள் ஆடியது 'உரிமையுள்ளவரைப் போல' அன்று, 'உரிமையோடு' என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உண்மையான உரிமை இருந்ததால் அவர்கள் கோரிக்கை தோற்றது! ஒரு ஹரகத் மாறினால் பொருள் மாறும் நஹ்வுப் பாடத்தை நினைத்துக் கொண்டோம்.

திடலின் ஓரத்தில் நிற்கும் பெயர்ப்பலகைக்கு வருவோம். கிராமங்களில் அழகிய பலகை நிறுவும் வழக்கம் நார்ஃபக் மாவட்டத்துச் சாண்ட்ரிங்ஹாம் பகுதியில், ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்தில் தழைத்தது. 1920இல் இளவரசர் ஆல்பர்ட், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர், அதனை நாடெங்கும் பரப்புமாறு பேசினார். டெய்லி மெயில் நாளிதழ் பரிசுப் போட்டியே நடத்தியது. அம்மாவட்டத்து ஸ்வாஃபம் ஊரின் பள்ளி ஆசிரியரான ஹாரி கார்ட்டர் தம் வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட பலகைகளைச் செதுக்கினார். எகிப்தில் தூத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர் அவருக்கு உறவினர்.

ஸ்வாஃபம் ஊரின் சொந்தப் பலகையில் இருப்பவர் ஒரு கூவி விற்கும் வணிகர். லண்டன் பாலத்துக்குப் போ, நற்செய்தி கிடைக்கும் என்று அவர் கனவு கண்டாராம். போய் நின்றபோது கடைக்காரர் ஒருவர் நகைத்து, நானும்தான் ஸ்வாஃபம் ஊரில் ஒரு வணிகன் தோட்டத்தில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டேன், அதை நம்பினேனா என்றாராம். திரும்பி வந்து தம் தோட்டத்தைத் தோண்டிய வணிகர் செல்வரானார். நமக்கு இது புதிதன்று. பக்தாதுக்காரர் ஒருவர் கனவை நம்பி மிஸ்ருக்குச் சென்று, தம் வீட்டுப் புதையலின் செய்தியை அங்கே கேட்டறிந்த கதையைப் பத்தாம் நூற்றாண்டின் காஜி தனூகி எழுதி வைத்துள்ளார். மௌலானா ரூமியும் மஸ்னவியில் பாடியுள்ளார். ஆயிரத்தொரு இரவுகளிலும் அது உண்டு.

கெண்ட் மாவட்டத்துப் பிட்டென்டன் ஊரின் பலகை இன்னும் நம் நெஞ்சுக்கு அண்மையது. உடல் ஒட்டிப் பிறந்ததாகச் சொல்லப்படும் இரு சகோதரியர் அதில் நிற்கின்றனர். மனித உருவம் தீட்டுவதில் நமக்குள்ள தயக்கம் வேறு செய்தி. அவ்விருவரும் தம் இருபது ஏக்கர் நிலத்தை ஊர் ஏழைகளுக்கென விட்டுச் சென்றதாக ஊரார் நம்புகின்றனர். 'ரொட்டி பாலாடைக்கட்டி நிலம்' என்றே அதற்குப் பெயர். நாமாயின் வக்ஃபு என்போம். கதையின் பழமையை ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உளர். அறக்கட்டளையை ஐயுற இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலம் வீடு கட்ட விற்கப்பட்டது. விற்ற பணத்தின் வருவாயால் தருமம் முன்னிலும் பெருகியது. 1920களில் ஊரார் அச்சகோதரியரின் உருவை இரும்பில் வார்த்து, தம் பசுந்திடலில் நட்டு வைத்தனர்.