ஏறும் உயரம்

பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதென்று முடிவானபோது அம்மாவையும் ஷோரூமுக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தம்பியும் உடன் வந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. விற்பனையாளர் பணிவான இளைஞர். எஞ்சின், மைலேஜ், தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் தம்பியிடமே சொன்னார். நிறங்களைச் சொல்லும்போதுதான் என் பக்கம் திரும்பினார். "மேடம், இதுல ஆறு கலர் இருக்கு."

அந்த எஸ்.யூ.வி.யின் முன்கதவைத் திறந்து அம்மாவை ஏறி உட்காரச் சொன்னோம். அம்மா ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார். மறுகையால் கதவைப் பற்றினார். கதவு அசைந்தது. காலைத் தூக்கினார், முழங்கால் மடங்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு இறங்கி நின்று, "ஏண்டி, இதோட ஒரு ஏணியும் சேத்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். விற்பனையாளர் உள்ளே ஓடி ஒரு நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். தேடவில்லை, கைக்கெட்டும் இடத்தில் அது தயாராக இருந்தது. அந்த வண்டியில் ஏற முடியாமல் நின்ற முதல் பெண் என் அம்மா இல்லை என்பது அப்போது புரிந்தது.

கூரை திறக்கும், திரை பேசும், இருக்கை குளிரும். அதில் ஒரு மூதாட்டி ஏறுவதற்கு மட்டும் ஸ்டூல் வேண்டும். இந்த முரண் எங்கே தொடங்கியது என்று படிக்கத் தொடங்கினேன். எனக்குக் கிடைத்தது, பெண்கள் காரைப் புழங்கிப் புழங்கித் திருத்திய வரலாறும், அந்தத் திருத்தங்களுக்குப் பெயர் இல்லாமல் போன வரலாறும்.

புழங்குதல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு பொருளைத் தினமும் கையாண்டு, அதன் குறையறிந்து, அதற்கேற்ப நம்மையும் அதையும் மாற்றிக்கொள்வது புழக்கம். அடுக்களையில் எந்தப் பாத்திரத்தின் பிடி சுடும் என்பது புழங்குகிறவளுக்குத் தெரியும். அதை அறிவு என்று யாரும் சொல்வதில்லை.

காரின் முதல் நெடும்பயணமே புழக்கத்தில் பிறந்ததுதான். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886இல். அதற்கு முன்பே, திருமணத்துக்கும் முன்பே, பெர்த்தாவின் சீதனப் பணம் அவர் தொழிலில் போடப்பட்டிருந்தது. வண்டி செய்தாயிற்று, வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் காலை பெர்த்தா கணவருக்குச் சொல்லாமல் பதின்ம வயது மகன்கள் இருவரோடு மான்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு, தாய் வீட்டுக்கு, அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உராய்ந்துபோன மின்கம்பிக்குக் காலுறைப் பட்டையைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கினார். தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மேட்டில் வண்டி ஏறவில்லை, பிள்ளைகள் தள்ளினார்கள். திரும்பி வந்ததும் மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார்.

இந்தக் கதையை வழக்கமாகத் தொப்பி ஊசியின் சுவைக்காகச் சொல்வார்கள். எனக்கு அது சாலைச் சோதனையின் அறிக்கையாகவே தெரிகிறது. தடை, மின்காப்பு, எரிபொருள், கியர் என நான்கு குறைகளை ஒரே பயணத்தில் கண்டறிந்தவர் அவர். அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேம் கார்லைச் சேர்த்துக்கொண்டது 1984இல். பெர்த்தாவுக்கு 2016 வரை ஆனது.

அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், நியூயார்க்கில் பனி பெய்த நாளொன்றில் டிராமில் போனார். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். அதை விற்க முயன்றபோது, வணிக மதிப்பில்லை என்று ஒரு கனடா நிறுவனம் மறுத்தது. 1920இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அதன்பின் துடைப்பான் இல்லாத கார் இல்லை; அவருக்குப் பணம் எதுவும் வரவில்லை. இங்கிலாந்தில் டோரத்தி லெவிட் 1909இல் பெண்களுக்காகக் கார் ஓட்டும் கையேடு எழுதினார். பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் சாலை பார்க்கத் திருப்பினார்.

பெண்களை வாங்குபவர்களாகக் கார் நிறுவனங்கள் கண்டுகொண்டபோது நடந்தது வேறு. 1955இல் கிரைஸ்லரின் டாட்ஜ் பிரிவு 'லா ஃபாம்' என்ற காரைக் கொண்டுவந்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த வண்ணம். கூடவே கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, சீப்பு, மழைக்கோட்டு, குடை. அடியில் இருந்த வண்டி, ஆண்களுக்கு விற்ற அதே வண்டி. இருக்கை உயரமோ, மிதிகளின் தூரமோ மாறவில்லை. இரண்டு ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டார்கள்.

அதே பத்தாண்டில் ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் ஒரு பெண் வடிவமைப்பாளர் குழுவை வைத்திருந்தார். விளம்பரத்தில் 'வடிவமைப்பு நங்கையர்' என்றார்கள். அந்தப் பெயரை அந்தப் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிப்புறத்தைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லாதது போலத்தான். இருக்கைத் துணி, நிறம், உள்ளலங்காரம் அவர்கள் பங்கு. அதற்குள்ளும் குழந்தைகள் திறந்துவிடாத கதவுத் தாழ் போன்ற யோசனைகளைச் சேர்த்தார்கள். அது புழக்கத்தின் கை. 1958இல் ஏர்ல் ஓய்வுபெற்றார். அடுத்து வந்தவர் காலத்தில் பெரும்பாலோர் வெளியேறினர். அன்று ஷோரூமில் என் பக்கம் திரும்பிய அந்த "ஆறு கலர்", இந்தப் பழைய வேலைப் பிரிவினையின் எச்சம்.

நிறத்தில் நம்மைச் சேர்த்தவர்கள் உயிர்காப்பில் சேர்க்கவில்லை. மோதல் சோதனைகளில் உலகம் முழுதும் பயன்பட்ட 'ஹைப்ரிட் 3' பொம்மை 1976இல் உருவானது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. சராசரி அமெரிக்க ஆண். பின்னால் வந்த பெண் பொம்மை சுமார் 150 செ.மீ., 49 கிலோ. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. இடுப்பெலும்பும் கழுத்துத் தசையும் பெண்ணுக்கு வேறு என்பது அதில் கணக்கில்லை. 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க விபத்துத் தரவுகளை ஒப்பிட்டார்கள். இருக்கைப்பட்டை அணிந்த பெண் ஓட்டுநர்கள், அதேபோன்ற விபத்தில் சிக்கிய ஆண்களைவிடக் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோ எடையில், ஒரு பொம்மையை ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022இல்தான் அறிமுகம் செய்தது.

என் உயரம் 155 செ.மீ. கிளட்சை முழுதாக மிதிக்க இருக்கையை முன்னால் இழுத்தே ஆக வேண்டும். பட்டை தோளை விட்டுக் கழுத்தில் ஏறும். இப்படி உட்கார்பவர்களைப் பொறியியல் மொழியில் நிலை தவறியவர்கள் என்கிறார்கள். கால் எட்டாத இடத்தில் மிதியை வைத்துவிட்டு, தவறு காலுடையது என்கிற மொழி அது.

இப்போது எஸ்.யூ.வி.க்கு வருவோம். அதன் மூதாதை போர்க்கள ஜீப். மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. என் சிறுவயதில் ஊருக்குள் ஜீப் வந்தால் போலீஸ், தாசில்தார், வனத்துறை, அல்லது தேர்தல். அதிலிருந்து இறங்குபவர் அநேகமாக ஆண். வகுப்பில் முல்லைத்திணை நடத்தும்போதும் இதே காட்சிதான்: தலைவனின் தேர் வருகிறது, தலைவி காத்திருக்கிறாள். வண்டுகள் கலையாதபடி தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவன் அகநானூற்றில் உண்டு. வண்டுக்கும் இரங்கிய தேர் அது. இன்றைய விளம்பர வண்டிக்கு வண்டு, நாய், நடந்துபோகிறவர் யாரும் கண்ணில் படுவதில்லை.

நம் வரிச் சட்டமும் இந்த வடிவத்தைச் செதுக்கியது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நிறுவனங்கள் டிக்கியை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கின. பிறகு அதே நீளத்தில் உயரத்தைக் கூட்டி, முகப்பை நிமிர்த்தி, குட்டி எஸ்.யூ.வி. என்றன. வரிக்காக எஸ்.யூ.வி.யை வரையறுத்தபோது அரசு எடுத்த அளவுகள் நீளம், எஞ்சின், தரையிடைவெளி 170 மி.மீ. இருக்கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எந்த வரையறையிலும் இல்லை. மோட்டார் வாகன விதிகள் (1989) புடவையை நினைத்தது ஓரிடத்தில்: இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும், பின்னால் உட்கார்பவரின் உடை சிக்கக் கூடாது என்கிறது 123ஆம் விதி. நல்ல விதி, பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் அது கண்ட பெண் பின்னால் உட்கார்ந்தவள்.

என் துறைத் தோழி ஒருவர் எஸ்.யூ.வி. ஓட்டுகிறார். "உயரத்துல உக்காந்தா லாரிக்காரன்கூட வழி விடுறான், தனியா ராத்திரி வர பயமில்ல" என்கிறார். இதை நான் தள்ளவில்லை. சாலையில் பெண் மிரட்டப்படுகிறாள் என்பது உண்மை. உயரம் அவளுக்குக் கவசம். ஆனால் அந்தக் கவசத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த முகப்புள்ள வண்டி மோதினால், முகப்பு தாழ்ந்து சரிந்த வண்டி மோதுவதைவிட, நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் கண்டறிந்தது. பேருந்து நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடக்கிற பெண்ணை அந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 2004 ஜெனீவா கண்காட்சியில் வால்வோ பெண்கள் குழு வடிவமைத்த ஒரு மாதிரிக் காரை வைத்தது. ஓட்டுநரின் உடலளவைச் சாவியில் பதிந்துகொண்டு இருக்கையும் ஸ்டீரிங்கும் தாமே அமையும். பின்னிருக்கை திரையரங்கு நாற்காலிபோல் மடங்கி, பைகளுக்கு இடம் விடும். உரிமையாளர் திறக்க முடியாத எஞ்சின் மூடி எனக்கு ஒப்பவில்லை. பெண் எஞ்சினைத் தொட மாட்டாள் என்ற எண்ணம் அதில் ஒட்டியிருக்கிறது. எனினும் உடலுக்கு வண்டி பொருந்த வேண்டும் என்ற அடிப்படை சரி. அது விற்பனைக்கு வரவே இல்லை.

அன்று நாங்கள் அந்த வண்டியை வாங்கவில்லை. பக்கத்து ஷோரூமில் அளவான உயரத்தில் ஒரு காரின் கதவைத் திறந்தேன். அம்மா முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். இடுப்புக்குச் சமமாக இருக்கை இருந்தால் இது போதும். "இது நம்ம வீட்டுத் திண்ணை உசரம்" என்றார். அதைக் கேட்ட தம்பி விற்பனையாளரிடம், "எங்கக்காதான் ஓட்டப் போறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றான்.

திண்ணைக்கு உயரம் வைத்த கொத்தனார், அதில் உட்காரப்போகிறவர்கள் யார் யார் என்று கேட்டுத்தான் வைத்திருப்பார். காரை வரைகிறவர்களும் கேட்கலாம். நாமும் கார் வாங்கும் முன் வீட்டின் மூத்த பெண்ணை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்போம். ஸ்டூல் கொண்டுவருகிறார்களா என்று கவனிப்போம்.