ஜட்கா சவுக்கின் மூன்று நிறங்கள்



மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம். ஜட்கா வண்டி ஓட்டிய அவருடைய தாத்தாவின் சவுக்கு. மூங்கில் பிரம்பு, அதில் பின்னிய தோல் வார், கைப்பிடியில் பித்தளைப் பூண், ஓர் இரும்பு ஆணி. "டீச்சர், ஒரே அழுக்கா கறுத்துப் போயிருக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, ஷூ பாலிஷ் அடிச்சு ஷோகேஸில் வைக்கலாமா?" என்று கேட்டிருந்தார். தயவு செய்து வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். காரணம் கொஞ்சம் நீளமானது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இளைய பிள்ளைகளுக்கு ஜட்கா தெரியாது. ஒற்றைக் குதிரை, வளைந்த கூண்டு, உள்ளே கொஞ்சம் வைக்கோல், அதன் மேல் ஒரு பாய். இன்றைய ஆட்டோவின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சிறுமியாக இருந்த 1960களில் அவை குறைந்துகொண்டிருந்தன. பிறகு சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சவுக்கில் மூன்று நிறங்கள் இருந்தன. நுனி வார் வெளிர் மஞ்சள். நடுப்பகுதி செம்பழுப்பு. கைப்பிடி ஏறக்குறைய கறுப்பு. ஆணியைச் சுற்றி மை கொட்டியது போல ஒரு வட்டம். இதில் அழுக்கு மிகக் குறைவு. மற்றதெல்லாம் வரலாறும் வேதியியலும்.

பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். அதைப் பதப்படுத்த நம் ஊரில் பயன்பட்டது ஆவாரம் பட்டை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே மஞ்சள் பூ ஆவாரைதான். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதையைச் சீவி, பட்டை ஊறிய தொட்டிகளில் நாள்கணக்கில் போட்டுப் புரட்டுவார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள், அதாவது டானின், தோலின் புரத இழைகளைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு தோல் அழுகாது.

ஆவாரம் பட்டையில் ஒரு சிக்கல் உண்டு. அதில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிவந்துவிடும். துவர் என்ற தமிழ்ச் சொல்லுக்குத் துவர்ப்பு என்றும் பொருள், சிவப்பு என்றும் பொருள். துவராடை என்பது அப்படி வந்த சொல்தான். சுவையையும் நிறத்தையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர் இதைக் கண்ணால் கண்டவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்தச் சிவப்பைத் தள்ளிப்போட, கடைசியில் கடுக்காய் நீரில் தோலை ஊறவைத்து, பிறகு எண்ணெய் தடவினார்கள். வெளிர் மஞ்சள் நிறம் கிடைத்தது. லண்டன் வியாபாரிக்கு வேண்டியது அதுதான்; வெளிறிய தோலில்தானே அவன் விரும்பிய சாயம் ஏற்ற முடியும்? ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அது கப்பல் கப்பலாகப் போனது. முதல் உலகப் போரின்போது ராணுவக் காலணிகளுக்காக அரசாங்கமே இந்த மாட்டுத்தோலை மொத்தமாக வாங்கியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

இப்போது சவுக்குக்கு வருவோம். நுனி வார்தான் முதலில் தேய்ந்து அறுந்துபோகும்; அதை மட்டும் மாற்றுவார்கள். ஆகவே நுனி இளையது, வெளிறியது. நடுப்பகுதி பல ஆண்டு வெயில் கண்டது. கடுக்காய் சிவப்பைத் தள்ளிப்போடும், அடியோடு நிறுத்தாது. நறுக்கி வைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் காற்றுப்பட்டு நிறம் மாறுவதற்கு நெருங்கிய உறவு இது.

கைப்பிடி கறுத்ததற்கு முதல் காரணம் எண்ணெய். ஈரத் துணி உலர்ந்த துணியைவிட அடர்த்தியாகத் தெரிகிறது அல்லவா? அதே கதைதான். இழைகளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒளி சிதறி வெளிறித் தெரியும். எண்ணெய் அந்த இடத்தை நிரப்பினால் ஒளி உள்ளே போய்விடும். தடவிய விளக்கெண்ணெயோடு உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து, தேய்ந்து தேய்ந்து பளபளப்பானது. ஆணியைச் சுற்றிய கறுப்பு, உண்மையிலேயே மைதான். இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சிய காலம் உண்டு. இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கிய விரல்களைக் கேட்டால் சொல்லும்.

விரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1980களில் பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்தில் தோல் தொழிற்சாலைகள் இருந்தன. பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த ஒரு தகப்பனார் பேனாவை வாங்கத் தயங்கினார். விரல்களும் நகங்களும் செம்பழுப்பு. "நல்லா கழுவிட்டுத்தாம்மா வந்தேன். இது போகாது" என்றார். எப்படிப் போகும்? தொட்டியில் கிடக்கும் தோலும் மனிதனின் தோலும் புரதம்தானே. பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. மறுநாள் ஆறாம் வகுப்பில் ஒரு வாழைப்பூவை இரும்புக் கத்தியால் நறுக்கி, கறுத்த என் விரல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சோப்புப் போட்டும் போகவில்லை. கறை வேறு, அழுக்கு வேறு என்று அன்று நடத்திய பாடம் பாடப்புத்தகத்தில் இல்லாதது.

ஏன் இதைச் சொல்கிறேன்? தொழில் வரலாறுகளில், 1840களில் சென்னையில் பதனிடும் முறையை மேம்படுத்தியவர் என்று சார்லஸ் டி சூசாவின் பெயர் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் பதனிடுதலைச் சோதித்து, கவலை இறைக்கும் தோல் பைகளுக்கு அதைக் கொண்டுவந்த ஆல்பிரட் சாட்டர்டன் பெயர் இருக்கிறது. 1948இல் தொடங்கிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை 1958 முதல் 1971 வரை நடத்திய நாயுடம்மா பெயர் இருக்கிறது. மூவரும் நினைக்கத்தக்கவர்கள். ஆனால் எத்தனை நாள் ஊறினால் போதும், எந்த நிறம் வந்தால் தோலை எடுக்கலாம் என்று கையால் தொட்டே சொன்னவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒதுக்கலும் வசைச் சொல்லும்தான். அவர்கள் வேலைக்குச் சாட்சி, இப்படிப் பரணில் கிடக்கும் பொருள்கள். அந்த நிறத்தைச் சுரண்டினால் சாட்சியையே அழித்த மாதிரி.

இன்றைய பெல்ட்டும் கைப்பையும் பெரும்பாலும் குரோம் தோல். அது பதனிட்டதும் நீலம் பாரித்து இருக்கும். பிறகு சாயமும் மேல்பூச்சும் கொடுப்பார்கள். அது பழசானால் பூச்சு உரியும். பட்டைத் தோல் பழசானால் நிறம் முதிரும்.

வீட்டில் பழைய சவுக்கோ, மிலிட்டரி பெல்ட்டோ, தோல் பெட்டியோ இருந்தால் சில யோசனைகள்:

உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். சோப்பும் தண்ணீரும் வேண்டாம். இரும்பு இருக்கும் இடத்தில் ஈரமே ஆகாது.

எண்ணெயைக் குளிப்பாட்ட வேண்டாம். அதிகமானால் தோல் தளர்ந்து பிசுபிசுக்கும்.

பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். அது செம்பும் எண்ணெயும் சேர்ந்து உண்டானது.

பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள். நம் சென்னைப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். நேர் வெயிலும் வேண்டாம்.

தொட்டால் கையில் சிவப்புப் பொடி உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது முதிர்ச்சி இல்லை, நோய். நகரப் புகையில் உள்ள கந்தக வாயு பட்டைத் தோலை அப்படி அரித்துவிடும். எண்ணெய் போட்டால் சரியாகாது, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பொருளோடு ஒரு துண்டுச் சீட்டும் கட்டி வையுங்கள். யாருடையது, என்ன வேலை செய்தார், வண்டி எந்த ஸ்டாண்டில் நின்றது, வாரை மாற்றிக் கொடுத்தவர் யார் என்று தெரிந்தவரை எழுதுங்கள். கேட்டுச் சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதினால் போதும்; மை ஊறாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்