பொது நோக்கமும் சமூக உறவுகளும்: யாழ்ப்பாணத் தீவகத்தை முன்னிறுத்திக் கிறித்தவக் குழுக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மதக் குழு ஒன்றின் நோக்கம் யாது என வினவப்படும்போது, அக்குழுவின் விசுவாசப் பிரமாணத்தையோ யாப்பு விதிகளையோ எடுத்துக்காட்டி விடையிறுப்பது வழக்கம். வரலாற்றை ஆராய்வோர்க்கு அவ்விடை போதாது. ஏட்டில் எழுதப்பட்ட நோக்கம் ஒன்று. அக்குழுவிற் சேர்ந்த மனிதர் தத்தம் வாழ்நிலையினின்று அதற்குக் கொடுத்த பொருள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் எந்நிலைமைகளிற் குறைந்தது, எந்நிலைமைகளில் விரிந்தது என்பதை யாழ்ப்பாணத் தீவகத்தையும் அதனை அடுத்த குடாநாட்டையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

புளியங்கூடல் என்னும் சிற்றூர் ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தது. ஒல்லாந்தர் இத்தீவுக்கு லெய்டன் எனப் பெயரிட்டனர். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் இந்தியாவுக்கு ஏற்றப்பட்ட துறையாகப் போர்த்துக்கேயர் காலத்திலேயே ஊர்காவற்றுறை புகழ்பெற்றிருந்தது. ஒருபுறம் தோட்டநிலமும் பனையும் புகையிலையும். மறுபுறம் கடற்றொழிலும் தோணியோட்டமும். சைவக் கோயில்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களும் அடுத்தடுத்து நிற்கும் இத்தீவில், கிறித்தவம் என்பது வெறும் உபதேசமாக அன்றி, உழைப்பு, சாதி, ஆட்சி ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்த ஒன்றாகவே வளர்ந்தது. ஆகவே, குழுவின் நோக்கத்தை அதன் சமூகத் தளத்திலிருந்து பிரித்து நோக்குதல் இங்கு இயலாததாகும்.

1

யாழ்ப்பாணத்தை 1658இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், கிறித்தவ சமூகத்தை ஆணையாலும் பதிவாலும் உருவாக்க முயன்றனர். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, குருமாருக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயங்களாக மாற்றப்பட்டன. ஆலயத்தோடு பாடசாலை, பாடசாலையிற் சட்டம்பியார், அவர் கையில் தோம்பு. ஞானஸ்நானமும் திருமணமும் அதிற் பதியப்பட்டன. பதவி பெறுவதற்கும் முதுசொத்தின் உரிமையை நிலைநாட்டுவதற்கும் அப்பதிவு தேவைப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயுப் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூல், தீவுகள் உட்பட ஆலயங்களையும் பாடசாலைகளையும் ஊர் ஊராக விவரிக்கிறது. அதனை வாசிப்போர்க்கு முழு நாடுமே ஒரே விசுவாசத்தைத் தழுவியதாகத் தோன்றும்.

பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது இத்தோற்றம் கலைந்தது. பதிவுக்கும் பதவிக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்ததும் பெரும்பாலோர் அச்சபையை விட்டு நீங்கினர். ஆலயங்கள் கூரையிழந்து நின்றன. இதனை மக்களின் கபடம் எனப் பிற்கால மிசனரிமார் கருதினர். எமது கருத்து வேறு. ஆட்சியாளரின் நோக்கம் விசுவாசம். குடிகளின் நோக்கம் காணியையும் குடும்பத்தையும் காத்தல். ஒரே தோம்பில் இரு நோக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. தேவை நீங்கியதும் பதிவும் பொருளிழந்தது. கபடம் என்பதைவிட, அடக்கப்பட்டோரின் தற்காப்பு என்பதே இதற்குப் பொருந்தும் சொல்லாகும்.

2

இதே ஒல்லாந்தர் ஆட்சியில், இதே மண்ணில், முற்றிலும் மாறுபட்ட குழுவொன்றும் இயங்கியமை மனங்கொளத்தக்கது. கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகள் 1687இற் கூலியாளர் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திற் சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவிற் பணியாற்றினார். பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை அடைந்து 1711இல் அங்கு காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பில் அவர் புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார். அவரும் அவரைத் தொடர்ந்து வந்த கோவா ஒறற்றோரியன் குருமாரும் எண்ணிக்கையிற் சிலரே. ஓர் ஊருக்கு ஒரு குரு மீண்டும் வருவதற்கு நீண்டகாலம் செல்லும். எனினும் அச்சமூகம் சிதையவில்லை.

இதற்கான காரணத்தைத் தனிமனிதரின் புனிதத்தில் மட்டும் தேடுதல் முறையன்று. குருவில்லாத காலங்களிற் செபங்களை ஓதுவித்தவரும், சாகுந்தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், இறந்தோரை அடக்கம் செய்வித்தவரும் ஊரவரே. மூப்பர், அண்ணாவியார் முதலிய பொறுப்புகள் ஊர்மக்களின் கையில் இருந்தன. குருவை மறைத்து வைத்த வீடு பிடிபட்டால் முழு ஊருமே துன்புறும் என்பதால், இரகசியத்தைக் காத்தல் ஒவ்வொருவரின் கடமையாயிற்று. கடலோரத்து மக்களின் தொழிலமைப்பும் இதற்குத் துணைநின்றது. தோணியிலும் கரைவலையிலும் உழைப்போர் ஒருவரையொருவர் நம்பியே தொழில் செய்தல் வேண்டும். அந்நம்பிக்கையே வழிபாட்டுக் குழுவின் நம்பிக்கையாகவும் அமைந்தது. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய உரைநடை நூல்கள், குருவின் இடத்தை நிரப்பவேண்டிய ஏடு என்ற நடைமுறைத் தேவையிலிருந்து எழுந்தவை. 1806இற் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டபோது, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு அடக்குமுறைக்குப் பின்னும் அச்சமூகம் உயிரோடிருந்தது.

இங்கு நோக்கம் தெளிவாக இருந்ததற்குக் காரணம் அது அழகாக எழுதப்பட்டிருந்தமை அன்று; அதை நிறைவேற்றும் வேலை பகிரப்பட்டிருந்தமையே. அதேவேளை இவ்வொற்றுமையை நாம் மிகைப்படுத்தலாகாது. பல கத்தோலிக்கக் கிராமங்கள் ஒரே சாதியினர் வாழ்ந்த கிராமங்கள். ஊரின் ஒற்றுமை பெரிதும் சாதியின் ஒற்றுமையாகவே இருந்தது. சாதி எல்லையைக் கடக்க நேர்ந்தபோது அதன் வலிமை ஐயத்துக்குரியதாயிற்று. இதனைப் பின்னர் காண்போம்.

3

அமெரிக்க மிசனரிமார் 1816இல் இலங்கைக்கு வந்தனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பாழடைந்த கோயில்களே அவர்களுக்கு இருப்பிடமாயின. 1823இல் டானியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கிற்று. அவ்வாண்டு வெளியிடப்பட்ட திட்ட அறிக்கை, சுதேச இளைஞர்க்கு இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் அளித்தலை நோக்கமாகக் கூறிற்று. ஆங்கிலம், தமிழ் இலக்கியம், கணிதம், வானியல் யாவும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. தெளிவான நோக்கம் எனலாம். ஆனால் அது யாருடைய நோக்கம்?

பொஸ்டன் நகரிலிருந்த மிசன் சபைக்கு அது போதகரை உருவாக்கும் நிலையம். நியூ இங்கிலாந்தில் ஒரு மாணவனுக்குப் பணம் அனுப்பிய உபகாரிக்கு அது தன் பெயர் கீழ்த்திசையிற் சூட்டப்படும் இடம். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், கரோல், ஆர்னோல்ட் எனத் தமிழ் மாணவர் பெற்ற பெயர்கள் இவ்வழக்கத்தின் சான்றுகள். யாழ்ப்பாணத்து வேளாளக் குடும்பங்களுக்கோ அது ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகம் பெறும் வாயில். மிசன் வளவிற் பிள்ளைகள் உணவு உண்பதைத் தொடக்கத்தில் எதிர்த்த அக்குடும்பங்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கவில்லை. நிலவுடைமையோடு காலனித்துவ உத்தியோகமும் சேர்ந்தபோது யாழ்ப்பாண மத்தியதர வர்க்கம் உருப்பெறலாயிற்று.

குடும்பம் என்னும் நிறுவனமும் இத்திட்டத்துக்குப் புறம்பாக இருக்கவில்லை. 1824இற் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையின் நோக்கங்களுள் ஒன்று, செமினரி மாணவர்க்குக் கிறித்தவ மனைவியரை உருவாக்குதல். படிப்பை முடித்துக் கிறித்தவரை மணந்த பெண்களுக்கு மிசனே சீதனம் கொடுத்தது. புதிய குடும்பத்தைப் படைக்க முனைந்தோர் பழைய சமூகத்தின் சொத்துறவு விதியை ஏற்றே அதனைப் படைக்க வேண்டியதாயிற்று. ஆயினும் பெண்கல்விக்கு அது திறந்த வாயிலை எவரும் மறுக்கவியலாது.

முரண்பாடு 1855இல் வெடித்தது. மிசன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் உள்ளிட்ட தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. சுதேசத் திருச்சபை தன்னைத் தானே ஆளுதல், தன்னைத் தானே தாங்குதல், தன்னைத் தானே பரப்புதல் என்ற கொள்கையை வகுத்தவருள் அண்டர்சனும் ஒருவர். தாய்மொழியிற் கல்வி, கிராமப் போதகர், சிறிய சபைகள் என்பனவே அவர் விரும்பியவை. ஆங்கிலம் கற்றோர் சபையை விட்டு உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்ற காரணத்தால் செமினரி மூடப்பட்டது.

தாய்மொழியை வலியுறுத்திய அண்டர்சனின் கொள்கை இன்றைய முற்போக்காளர்க்கு உவப்பானதாகத் தோன்றலாம். ஆனால் சுயாட்சி என்ற கொள்கையை நடைமுறைப்படுத்திய முடிவில், ஆளப்படவேண்டிய சுதேசிகளுக்கு வாக்கு இருக்கவில்லை. தன்னாட்சி மேலிருந்து கட்டளையிடப்பட்டது. ஆங்கிலமே வேலையின் மொழியாக இருந்த காலனித்துவப் பொருளாதாரம் மாறாதிருக்க, மொழியை மட்டும் மாற்றுமாறு கேட்கப்பட்டது. இதற்கான விடையை உள்ளூர்க் கிறித்தவர் தம் செயலாற் கூறினர்: அவர்களது முயற்சியின் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

எனினும் செமினரியின் மெய்யான விளைவுகளைப் பொஸ்டனின் கணக்கேட்டிற் காண முடியாது. 1841இல் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஆசிரியராக இருந்து வெளியிட்ட உதயதாரகை, 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதி, 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோர் என இவை யாவும் திட்டமிடப்படாத விளைச்சல். தாமோதரம்பிள்ளை சைவராகித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மிசனின் நோக்கில் இது தோல்வி; தமிழியலின் நோக்கிற் பெரும் பேறு.

இச்சூழலில் ஒரு விதிவிலக்கையும் சுட்டுதல் தகும். 1847இல் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்தினார். நூல்களை மொழிபெயர்க்கையில் ஒவ்வொரு கலைச்சொல்லும் அவருக்கும் தமிழ் மாணவர்க்கும் இடையே ஆராய்ந்து முடிவு செய்யப்பட வேண்டியிருந்தது. கிராமத்தவர்க்கு அவர்தம் மொழியில் மருத்துவம் என்ற நோக்கம் குறுகியது. ஆனால் அதை வரையறுக்கும் வேலையிலேயே இரு தரப்பினரும் பங்குகொண்டனர். அவர் 1873இல் நாடு திரும்பிய பின் அக்கல்வி நெடுங்காலம் நீடிக்காதமைக்கு, ஆங்கிலத்தையே மதித்த ஆட்சியமைப்பு முக்கிய காரணமாகும்.

4

கிறித்தவக் குழுக்கள் தமது நோக்கத்தைப் பொதுவானது எனக் கூறியபோது, அக்கூற்றைச் சோதித்த உரைகல் சாதியே. இதற்குத் தமிழகத்தின் வடக்கன்குளம் கடும் உதாரணம். 1872இற் கட்டப்பட்ட அவ்வூர்த் தேவாலயம், சாதியினரைப் பிரித்து அமர்த்துவதற்காகவே இரு கூடங்களாக அமைக்கப்பட்டது. ஒரே பீடம், இரண்டு கூடங்கள்! கோசானல் அடிகள் 1910இல் இடைத்தடுப்பை அகற்றினார். அதை மீட்க விரும்பியோர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். யாழ்ப்பாணத்தில் 1920களின் இறுதியில் அரசு உதவிபெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கப்பட வேண்டும் என்றபோது எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. நூறாண்டு காலம் சுவிசேஷம் போதிக்கப்பட்ட மண்ணில், தாழ்த்தப்பட்ட பிள்ளை வாங்கில் அமர்வது கலகத்துக்குக் காரணமாயிற்று.

இதற்கு எதிரான குரல் திருச்சபையின் ஆணையாக அன்றி, அதன் எல்லையைத் தாண்டிய இளைஞர் இயக்கமாக எழுந்தது. 1924இல் ஹண்டி பேரின்பநாயகமும் தோழரும் அமைத்த மாணவர் காங்கிரஸ் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய கிறித்தவரும் சைவரும் அதில் ஒருங்கே நின்று தீண்டாமை, சீதனம், அந்நிய ஆட்சி ஆகியவற்றை எதிர்த்தனர். அதன் அழைப்பின் பேரில் 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது விடுத்த அழைப்பினால் வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனு தாக்கலாகவில்லை. அவற்றுள் ஊர்காவற்றுறையும் ஒன்று. புளியங்கூடலும் அப்பகிஷ்கரிப்பின் எல்லைக்குட்பட்டதே. அவ்வியக்கம் ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தைக் கடந்து உழைக்கும் மக்களிடம் வேரூன்றவில்லை என்பது அதன் குறை. ஆனால் பொது நோக்கம் என்பதைச் சபையின் பெருக்கமாக அன்றிச் சமூகத்தின் மாற்றமாகக் கண்டது அதன் பெருமை.

புளியங்கூடலுக்கு அயலூரான கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளின் பணியையும் இவ்வழியில் வைத்தே நாம் மதிப்பிடுகிறோம். 1940களின் முற்பகுதியில் அதே வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோது அவர் தமிழை ஆழ்ந்து கற்றார். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழையும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தையும் உருவாக்குவதில் முன்னின்றார். சைவர், கிறித்தவர், இசுலாமியர், நாத்திகர், அயல்நாட்டறிஞர் யாவரும் கூடக்கூடிய நோக்கமொன்றை ஒரு குருவானவர் வகுத்தார். அவருடைய பண்பாட்டு நோக்கு வர்க்க முரண்களைப் போதியளவு கணக்கிற் கொள்ளவில்லை என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் மதமாற்றத்தின் எண்ணிக்கையால் அளக்கப்படாத ஒரு கூட்டுப்பணியை அவர் காட்டினார்.

1990இல் தீவகத்து மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். இன்று அவர்களுட் பலர் கொழும்பிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அங்கெல்லாம் சபைகளும் ஊர்ச்சங்கங்களும் குடும்ப ஒன்றியங்களும் தத்தம் நோக்கத்தைப் புதிதாக வகுத்து வருகின்றன. மேற்கூறிய வரலாறு அவர்களுக்கு உணர்த்துவது யாது? ஆணையால் எழுந்த ஒற்றுமை ஆணையோடு மறைந்தது. நிதியால் எழுந்த ஒற்றுமை நிதி தந்தோரின் விருப்போடு முறிந்தது. வேலையையும் ஆபத்தையும் பகிர்ந்த ஒற்றுமை நிலைத்தது. அதுவும் சாதியின் வாசற்படியில் தடுமாறிற்று. ஆகவே ஒரு நோக்கம் பொதுவானதா என அறிய, அதை எழுதியோரைக் கேட்பது போதாது. அதை வகுத்த அவையில் யார் அமர்ந்திருந்தனர், யார் வெளியே நின்றனர் என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.