ராபர்ட் பிரெஸ்ஸான்

ராபர்ட் பிரெஸ்ஸான் (1901–1999) பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். மத்திய பிரான்சில் பிறந்தார். முதலில் ஓவியராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டபின், 1943இல் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். அதிலிருந்து 1983 வரை அவர் தந்தவை 13 முழுநீளப் படங்களே.

1950களின் நடுவிலிருந்து தொழில்முறை நடிகர்களை அறவே தவிர்த்தார். நடித்துப் பழகாதவர்களை அழைத்துவந்து, பாவனை முழுவதும் வடியும்வரை ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். அவர்களை அவர் ‘மாடல்கள்’ என்றே குறிப்பிட்டார். முகத்தில் காட்டாத உணர்ச்சியைக் கைகளும் ஓசைகளும் சுமந்தன. இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1956இல் வெளியான ‘மரண தண்டனைக் கைதி தப்பிவிட்டான்’ ஒன்றே போதும். 1943இல் லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய ஆந்த்ரே டெவின்யியின் அனுபவமே கதை. முடிவைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனாலும் பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. கைதி ஓர் இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்து உளியாக்குகிறான். கதவுப் பலகைகளின் இணைப்பை அதனால் பொறுமையாகச் சுரண்டுகிறான். காவலாளியை நாம் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம்: படிக்கட்டுக் கம்பிகளில் உரசிவரும் சாவி, நெருங்கும் காலடி, சுவருக்கு அப்பால் ரயில். இப்படத்துக்காக 1957 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார்.

‘பிக்பாக்கெட்’ (1959) படத்தில் பாரிஸின் ‘கார் து லியோன்’ ரயில் நிலையத்தில் பணப்பைகள் கைமாறும் காட்சி நடனத்துக்கு நிகரானது.

‘பல்தஸார்’ (1966) ஒரு கழுதையின் வாழ்க்கை. எழுத்துகள் ஓடும்போது ஒலிக்கும் ஷூபர்ட்டின் பியானோ இசையைக் கழுதையின் கத்தல் இடைமறிக்கிறது. பின்னர் சர்க்கஸ் கூண்டுகளின் முன் அது நிற்கும்போது புலி, கரடி, குரங்கு, யானை ஆகியவற்றின் கண்களும் அதன் கண்களும் மாறிமாறித் தெரிகின்றன. வசனமில்லை, விளக்கமில்லை. பிரெஸ்ஸானை வறண்டவர் என்போர் இந்தக் காட்சியை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

தம் திரைப்படச் சிந்தனைகளைச் சிறுகுறிப்புகளாக 1975இல் நூலாக்கினார். இந்தியாவில் இயக்குநர் மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ படத்தில் அவருடைய தாக்கம் வெளிப்படை. டால்ஸ்டாயின் குறுநாவலைத் தழுவிய கடைசிப் படமான ‘பணம்’ (1983), ஒரு கள்ளநோட்டு கைமாறிக் கைமாறிக் கொலையில் முடிவதைக் காட்டுகிறது. அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. படத்தில் தளர்ச்சி துளியும் இல்லை. விவிலியத்தின் ஆதியாகமத்தைப் படமாக்கும் நெடுநாள் திட்டம் மட்டும் கடைசிவரை கைகூடவில்லை.