ஒரு சொல்லின் இரு கிளைகள்

வலப்பனைப் பகுதியில் இராகலை, ஹல்கரனோயா மலைகளிலே பிறந்து வளர்ந்தோர்க்கு ‘எஸ்டேட்’ என்பது அயற்சொல்லாகத் தோன்றுவதேயில்லை. தோட்டம் என்னும் தமிழ்ச் சொல்லோடு அதுவும் வீட்டுச் சொல்லாய்ப் புழங்குகின்றது. ஆயினும் அது ஆங்கிலத்திற்கும் பிறப்புரிமையுடைய சொல்லன்று. 1066 ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அவர்தம் ஆட்சிமொழியான பிரெஞ்சின் வழியாக வந்து சேர்ந்தது. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, மலையகத் தமிழரின் வரலாற்றோடு அது கொண்ட விந்தையான தொடர்பொன்று புலனாகின்றது.

‘நிற்றல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது ‘ஸ்டாட்டுஸ்’; அதிலிருந்து பழைய பிரெஞ்சின் ‘எஸ்டாட்’ தோன்றியது. ஒருவர் நிற்கும் நிலை என்பதே முதற்பொருள். தமிழிலும் ‘நில்’ என்பதிலிருந்தே ‘நிலை’ பிறந்தது. ‘நிலம்’ என்பதனையும் அவ்வேரோடு இணைத்துக் காண்பார் உளர். பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்திலே இரண்டாகப் பிரிந்தது. முதலொலியை இழந்த ‘ஸ்டேட்’ நிலைமை, அரசு என்னும் பொருள்களைப் பெற்றது. அதனைக் காத்த ‘எஸ்டேட்’ சமூகப் படிநிலையையும், இறந்தவர் விட்டுச்சென்ற உடைமையையும், பெருநிலத்தையும் குறித்தது. பிரெஞ்சு மொழியிலோ இப்பிரிவு நிகழவில்லை. 1789 இல் தம்மையே தேசிய மன்றமென அறிவித்த மூன்றாம் வகுப்பாரையும் அரசையும் ‘எத்தா’ என்னும் ஒரே சொல் குறிக்கின்றது.

படிநிலையைச் சுட்டிய சொல் நிலத்தைச் சுட்ட வந்தது எவ்வாறு? ஆங்கிலச் சட்டக் கொள்கைப்படி நிலம் முழுவதும் இறுதியில் முடிக்குரியது. குடிமகன் உடையது நிலமன்று, அந்நிலத்தின்மீது அவனுக்குள்ள நிலையே. அந்நிலைக்கே ‘எஸ்டேட்’ என்று பெயர். இதனோடு நெருங்கிய கருத்தொன்று இலங்கையிலும் சட்டமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத காணியும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே எனக் கொண்டது. அவ்வாறு பெறப்பட்ட மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களாயின. கீழே வயல் வைத்திருந்த வலப்பனைச் சிங்களக் குடியானவரும் தப்பவில்லை. 1880களிலே நெல்வரி செலுத்த இயலாதோரின் வயல்கள் விற்கப்பட்டன. அதனால் நேர்ந்த பட்டினிச் சாவுகளை நுவரெலியா உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர் எடுத்துரைத்தமை பெருஞ் சர்ச்சையாயிற்று. 1892 இல் அவ்வரியை நீக்கச் சட்டம் வந்தது. வயலின் கதையையும் தேயிலையின் கதையையும் நம் வரலாற்றாசிரியர் தனித்தனியே எழுதிவருவது எனக்கு ஒவ்வாத வழக்கம்.

இனி, மற்றைக் கிளைக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் ‘ஸ்டேட்லெஸ்’ ஆயினர். தமிழில் ‘தோட்டத்தார்’ என்பதற்கும் ‘நாடற்றோர்’ என்பதற்கும் சொல்லளவில் உறவில்லை. ஆங்கிலக் கோவைகளிலோ ஒரே மனிதர்மீது ஒரே சொல் இருமுறை எழுதப்பட்டது: ஒருமுறை வதிவிடமாக, மறுமுறை இன்மையாக. சட்டம் வரைந்தோர் இதனை உணர்ந்திருப்பர் என்று நான் நினைக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பகிரப்பட்டோரின் விருப்பம் ஒப்பந்தமேசைக்கு வரவில்லை.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஸ்டேட் ஸ்டேட்டின் கையிற் சேர்ந்த அவ்வேளையிலும், அதில் வாழ்ந்தோருள் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராகவே இருந்தனர். 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டமுமே அவர்க்குப் பிரசாவுரிமைக் கதவைத் திறந்தன. 1992 முதல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும், மண் அரசிடமே தங்கிற்று; கம்பனிகள் குத்தகைக்காரரே. தேயிலைக்கிடையே லயத்து அறைகளில் தலைமுறைகளாக வாழ்வோர் இன்று வாக்காளர். ஆயினும் வாழும் அறைக்கும் அதனடி மண்ணுக்கும் காணி உறுதி பெற்றோர் அவர்களுட் சிலரே.